ஆம் நீக்கிய ஓலை

தென்கரை நாட்டை இளவிறல் என்னும் அரசன் ஆண்ட காலம் மிகப் பழையது. அவன் செய்த தவறு மட்டும் இன்னும் பழையதாகவில்லை.

ஆற்றுக்கு அப்பால் மேல்கரை என்ற நாடு இருந்தது. அங்கே நடப்பதை அறிய, உப்பு விற்பவன் வேடத்தில் பதுமன் என்ற ஒற்றன் அந்நாட்டுத் துறைச் சந்தையில் உட்கார்ந்திருந்தான். அவன் அனுப்பும் ஓலைகளை ஐந்து எழுத்தர்கள் படித்துச் சுருக்கிப் படியெடுப்பார்கள். அந்தப் படியைக் காப்பு மந்திரி கொற்றவேள் அவையில் வாசிப்பார். நாட்டின் பாதுகாப்பு இந்த ஏற்பாட்டில்தான் நின்றது.

பதுமன் நேர்மையானவன். கண்ணால் கண்டதை ‘வந்தான்’ என்று எழுதுவான். காதால் கேட்டதை ‘வந்தானாம்’ என்று எழுதுவான். அரசனுக்கு இது பிடிக்கவில்லை.

“வந்தானாம், போனானாம்! இது ஒற்று ஓலையா, குளத்தங்கரை வம்பா? வந்தானா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்!”

“ஆம், அரசே” என்றார் கொற்றவேள். அன்றே எழுத்தர்களை அழைத்து, “இனி எந்தப் படியிலும் ‘ஆம்’ இருக்கக் கூடாது. மீறி எழுதுகிறவன் கை வெட்டப்படும்” என்றார்.

ஓலையில் வந்த ‘ஆம்’ என்பதை அரசன் வெறுத்தான். அவையினர் வாயில் வந்த ‘ஆம்’ என்பதை மட்டும் விரும்பினான். அவை முழுவதும் அதைப் புரிந்துகொண்டு பிழைத்தது. ஐந்து எழுத்தர்களில் ஒருத்தியான எயினியும் எட்டு மாதம் சொன்னபடியே எழுதினாள். அவளுடைய கையும் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை கொற்றவேள் அவையில் வாசித்தார்: “மேல்கரை அரசன் படை திரட்டுகிறான். நம் துறையைத் தாக்கப் போகிறான்.”

அரசன் எழுந்தான். “எண்ணாயிரம் பேர் இன்று உச்சிப்பொழுதுக்குள் ஆற்றைக் கடக்க வேண்டும். போர் ஓலையைக் கொண்டுவாருங்கள், முத்திரை இடுகிறேன்.”

எயினிக்கு மூல ஓலை நினைவிருந்தது. பதுமன் எழுதியது ‘திரட்டுகிறானாம்’, ‘தாக்கப் போகிறானாம்’. அந்த இரண்டு ‘ஆம்’களையும் நீக்கியது அவள் கை. முத்திரை விழுந்தால் எண்ணாயிரம் பேர் ஒரு வதந்தியின் மேல் வேலோடு பாய்வார்கள்.

அவள் அவை நடுவே வந்து நின்றாள். “அரசே, எல்லையிலிருந்து வந்த ஓலை அனைத்தையும் வாசித்த பிறகே போர் முத்திரை இட வேண்டும் என்பது இந்த அவையின் மரபு. இன்னும் ஓர் ஓலை மீதி இருக்கிறது.”

“ஏட்டுக்காரிக்கு மரபு தெரிகிறதே!” என்று சிரித்தார் கொற்றவேள். “அது நேற்றே வந்தது, நான் படிக்கவில்லை. வெறும் சந்தைப் பேச்சு என்று ஒதுக்கினேன்.”

“ஒதுக்கியது சரியா என்று பிறகு பார்ப்போம். சீக்கிரம் வாசித்து முடியும்” என்றான் அரசன்.

எயினி படியை நீட்டினாள். முத்திரைக்கு அவசரப்பட்ட மந்திரி, முன்கூட்டிப் படித்துப் பார்க்காமலே உரத்த குரலில் தொடங்கினார்:

“தென்கரை மன்னர் இளவிறல் வேட்டையில் யானை மிதித்து மாண்டார். அரியணைக்காக அங்கே அடிதடி நடக்கிறது…”

மந்திரி அங்கேயே நிறுத்தினார்.

“கொற்றவேளே,” என்றான் அரசன் மெதுவாக, “நான் எப்போது மாண்டேன்?”

“அரசே! இவள் துரோகி! இவளே எழுதி என் கையில் திணித்துவிட்டாள்!”

எயினி மூல ஓலையை எடுத்து அரசன் கையில் கொடுத்தாள். “எழுதியவன் பதுமன், அரசே. அதே சந்தை, அதே நாள், அதே கை. ‘மாண்டாராம்’, ‘நடக்கிறதாம்’ என்று எழுதியிருக்கிறான். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மந்திரியார் கட்டளைப்படி ‘ஆம்’ என்பதை மட்டும் எடுத்தேன்.”

“இதையும் அதையும் ஒன்றாக்காதே!” என்று சீறினார் கொற்றவேள். “அரசர் உயிரோடு இருப்பது கண்ணெதிரே தெரிகிறது. இதைப் பொய்யென்று யாரும் சொல்வார்கள்.”

“தெரிகிற இடத்தில் அந்தச் சொல் தேவையே இல்லை, ஐயா. தெரியாத இடத்தில்தான் தேவை. மேல்கரைப் பாசறை தங்களுக்கு இங்கிருந்து தெரிகிறதா?”



அரசன் முதல் ஓலையின் மூலத்தையும் வாங்கிப் படித்தான். முகம் கறுத்தது. “இத்தனை நாளும் எனக்கு வாசிக்கப்பட்டவை எல்லாம் இப்படித்தானா?”

“எட்டு மாத ஓலைகள், அரசே. எழுதியவர்களில் நானும் ஒருத்தி. ஏவியவர் மந்திரியார். கேட்டவர் தாங்கள்.”

அவள் தலை போயிற்று என்று அவையினர் நினைத்தார்கள். அரசன் போர் ஓலையை இரண்டாக ஒடித்தான். படைக்குப் பதிலாக ஒரு தூதுவனைப் படகில் அனுப்பினான்.

நான்காம் நாள் தூதுவன் திரும்பினான். இளவிறல் இறந்தான் என்று நம்பிய மேல்கரை அரசன், தென்கரைக் குழப்பம் தன் ஊர்களுக்குள் வந்துவிடாதிருக்க இருநூறு பேரைத் தன் துறையில் காவல் வைத்திருந்தான். படை என்று சந்தை பேசியது அதைத்தான். செய்தி பொய் என்று தெரிந்ததும் காவலை எடுத்துவிட்டு, உடல்நலம் விசாரித்து ஒரு கூடை பலாச்சுளையும் கொடுத்தனுப்பியிருந்தான்.

அரசன் கொற்றவேளை அழைத்தான். “நீர் ஓராண்டு துறைச் சந்தையில் பதுமனுக்குப் பக்கத்தில் உப்பு விற்க வேண்டும். தினமும் ஓர் ஓலை அனுப்பும். உம் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதும்.”

“ஆம்…” என்று தொடங்கிய கொற்றவேள், முழுதும் சொல்லாமல் தலைகுனிந்து போனார்.

பிறகு அரசன் காப்பு மந்திரியின் இருக்கையை எயினிக்குக் காட்டினான். அவள் உட்காரவில்லை.

“என்ன தயக்கம்?”

“முதலில் ஒரு கேள்வி கேளுங்கள், அரசே. என் பதிலைத் தாங்கினால் உட்காருகிறேன்.”

அரசன் யோசித்தான். “அடுத்த கோடைக்குள் எவனாவது நம் மேல் படையெடுப்பானா?”

“தெரியாது.”

அந்த அவையில் அப்படி ஒரு சொல் அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. வாயிற்காவலன்கூடத் திரும்பிப் பார்த்தான். அரசனின் கை அரியணையின் பிடியை இறுகப் பற்றியது, நெடுநேரம் பற்றியபடியே இருந்தது, பிறகு தளர்ந்தது.

“உட்கார், அம்மா” என்றான்.