பத்தாயம் போல ஒரு காளை

சீமையிலிருந்து வந்த ஒரு படத்தை வேலங்குறிச்சி ஜமீன்தார் கூடத்தில் மாட்டியிருந்தார். பரிசு வாங்கிய மாடாம். உடம்பு நெற்பத்தாயம் போல இருந்தது. கால்கள் நான்கும் விளக்குத்திரி அளவுதான். இது எப்படி நடக்கும் என்று சித்திரக்காரர் அழகிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் காளையையும் இப்படியே எழுது. ஒரு விரற்கடை இளைத்திருந்தாலும் நீ உழுது சாப்பிடும் மானிய நிலம் உனக்கில்லை" என்றார் ஜமீன்தார்.

தொழுவத்தில் நின்ற காளைக்கு விலா எலும்பை எண்ணலாம். அழகிரி பத்தாயம் போலவே எழுதிக் கொடுத்தார்.

ஜமீனுக்கு வந்திருந்த கலெக்டர் துரை படத்தைப் பார்த்து வியந்து, அந்தக் காளையை நேரில் பார்க்கத் தொழுவத்துக்குப் போனார். பார்த்ததும் முகம் சிவந்தது. "இது யார் செய்த மோசடி?"

ஜமீன்தார் பக்கத்தில் நின்ற அழகிரியைக் கைகாட்டினார். "இவன்தான் துரை. பொய்யாக எழுதிவிட்டான். இவன் நிலத்தை இன்றே பிடுங்குகிறேன்."

"பொய் இல்லை, துரை" என்றார் அழகிரி. "காளை ஒன்றுதான். படத்தில் இருப்பதற்கு நான் தீனி போட்டேன். தொழுவத்தில் இருப்பதற்கு எஜமான் போடுகிறார்."

துரை சிரித்துவிட்டார். நிலத்தைப் பற்றி அப்புறம் பேச்சே எழவில்லை. மறுநாள் காலை தொழுவத்தில் காளைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டும் சத்தம் கேட்டது.