கரடியின் ரோஜாவும் பேச வந்த எறும்புகளும்

ஒரு காட்டில், குழந்தைகளே, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலை உண்டு. அந்த மூலையில் ஒரு கரடி குடியிருந்தது. அதற்குச் சடையன் என்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அதனால் நாமும் அதைக் கரடி என்றே சொல்லிக்கொள்வோம்.

கரடி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. உருவம்தான் அதற்கு எதிரி. கறுத்த சடைமுடி, நீண்ட நகம், கட்டைக் குரல். "சாப்பிட்டாச்சா?" என்று அது அன்பாகக் கேட்டால்கூட முயல்கள் புதருக்குள் பாய்ந்துவிடும். தங்களைத்தான் சாப்பிடப் போகிறது என்று அவை நினைத்துக்கொள்ளும்.

ஒருவர் தும்மினால் பக்கத்தில் இருப்பவர்கள் "நூறு" என்று சொல்வார்கள் அல்லவா, நூறு வயது வாழட்டும் என்று? கரடிக்கு அதைச் சொல்லவும் ஆள் கிடையாது. அது தானே தும்மும். சுற்றுமுற்றும் பார்க்கும். பிறகு தானே "நூறு" என்று மெல்லச் சொல்லிக்கொள்ளும்.

கரடிக்கு இருந்த ஒரே சொந்தம் ஒரு ரோஜாச் செடி. காட்டின் ஓரத்தில், எப்போதோ யாரோ விட்டுவிட்டுப் போன பங்களா ஒன்று இடிந்து கிடந்தது. அதன் பின்பக்கத்தில், வேலி சூழ்ந்த தோட்டத்தில், அந்தச் செடி மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. கரடி ஓடையிலிருந்து வாயில் தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றும். நகத்தால் மண்ணைக் கிளறிவிடும்.

ஒரு தை மாதம் அந்தச் செடி ஏழு பூக்கள் பூத்தது. அன்றைக்கு ஒரு புள்ளிமான் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பூவைப் பார்த்தது. கரடி இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது. மான் கரடியையும் கண்டது. கண்டும் ஓடவில்லை. பூவைப் பார்த்து முடித்துவிட்டு மெதுவாக நடந்துதான் போனது.

அந்த ஒரு நாளை நினைத்தே கரடி வருடத்தை ஓட்டியது. 'அடுத்த தையிலும் பூக்கும். மான் வரும். இந்த முறை நான் ஏதாவது பேசிவிடுவேன்' என்று நினைத்துக்கொள்ளும். என்ன பேசுவது என்று ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தது.

மார்கழிக் குளிரில் செடி இளந்தளிர் விட்டது. ஒரு நாள் காலை கரடி செடியருகே உட்கார்ந்து தும்மியது.

"நூறு" என்றது ஒரு சின்னக் குரல்.

கரடி திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தது. செடியின் அடியில் கட்டெறும்புகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்றது அவற்றின் தலைவி. வாய்ப் பேச்சில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

"என்ன அண்ணே, இப்படித் தனியா உட்கார்ந்திருக்கீங்க? ஒரு பேச்சுத் துணை வேண்டாமா?" என்று தலைவி கேட்டது.

அதுவரை கரடியை யாரும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

"நான் எறும்பு திங்கிறவன். உங்களுக்குப் பயமா இல்லையா?" என்றது.

"உங்க முகத்தைப் பார்த்தாலே நல்ல மனசுன்னு தெரியுதே. எங்க மாடுங்களை இந்தச் செடியில மேய விட்டுக்கட்டுமா, அண்ணே? அதுங்க பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கும். நாங்க தினமும் வந்து பால் கறந்துட்டு, உங்ககிட்ட நாலு வார்த்தை பேசிட்டுப் போவோம்."

மாடு என்றால் கொம்பும் வாலும் உள்ள மாடு இல்லை. கடுகைவிடச் சின்னதாக, பச்சைப் பசேலென்று இருக்கும் செடிப்பேன்கள். அவை தளிரில் மூக்கைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். உறிஞ்சிவிட்டுத் தித்திப்பாக ஒரு சொட்டு விடும். எறும்புகளுக்கு அதுதான் பால். வரிசையில் நின்ற ஒவ்வோர் எறும்பும் வாயில் ஒரு பேனைக் கவ்விக்கொண்டு தயாராகத்தான் வந்திருந்தது.

"மேயட்டும், மேயட்டும். ஆனா நீங்க தினமும் வரணும்" என்றது கரடி.

"வராம எங்கே போயிடுவோம், அண்ணே?"

சொன்னபடியே தினமும் வந்தன. எந்த மரத்தில் தேன்கூடு கட்டியிருக்கிறது, எந்தக் குரங்குக்கு யாரோடு சண்டை என்று காட்டுச் செய்தி எல்லாம் கரடியின் காதுக்கு வந்தது. தும்மினால் "நூறு" கிடைத்தது. சில நாள் கரடி வேண்டுமென்றே மூக்கில் புல்லை விட்டுத் தும்மியது.

ஒரு நாள் ஒரு பொறிவண்டு செடியில் வந்து இறங்கியது. சிவந்த முதுகில் கறுப்புப் புள்ளிகள். வணக்கம் இல்லை, நலம் விசாரிக்கவில்லை. உட்கார்ந்ததும் செடிப்பேன்களைத் தின்னத் தொடங்கிவிட்டது.

"அண்ணே, மாட்டுத் திருடி வந்திருக்கா. விரட்டுங்க" என்று தலைவி கத்தியது.

கரடி கையை ஓங்கியது.

"போறேன்" என்றது பொறிவண்டு. "போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். இலையைத் திருப்பிப் பாரு. உனக்கு என் உதவிகூட வேண்டாம். நீ ஒரு ஊது ஊதினா எல்லாம் உதிர்ந்துடும்."

அது உண்மைதான். கரையான் புற்றைத் தோண்டி, மண்ணையும் புழுதியையும் ஒரே மூச்சில் ஊதித் தள்ளும் கரடிக்குச் செடிப்பேன் எம்மாத்திரம்?

எறும்புகள் போன பிறகு கரடி இலையைத் திருப்பிப் பார்த்தது. அடிப்பக்கம் முழுக்கப் பேன்கள் அப்பிக் கிடந்தன. தளிர்கள் சுருண்டிருந்தன. மொட்டுகள் தலை தொங்கியிருந்தன. கீழ் இலைகளெல்லாம் பிசுபிசுத்து, அந்தப் பிசுபிசுப்பின் மேல் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்பாக ஒரு படலம் படர்ந்திருந்தது.

"தளிரெல்லாம் சுருண்டிருக்கே, இலையும் கறுத்திருக்கே?" என்று மறுநாள் தலைவியிடம் கேட்டது.

"எல்லாம் குளிர், அண்ணே. தை பிறந்தா சரியாயிடும். நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க."

கரடி முட்டாள் இல்லை, குழந்தைகளே. அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்கு அதுதான் வருத்தம்.

அடுத்த நாள் விடிந்ததும் கரடி செடியின் முன்னால் போய் நின்றது. மூச்சை நன்றாக இழுத்தது. கன்னம் இரண்டும் உப்பின.

"அண்ணே, எந்திரிச்சாச்சா? ராத்திரி குளிர் தாங்குச்சா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

கரடி அந்த மூச்சைச் செடிமேல் படாமல் பக்கவாட்டில் மெதுவாக விட்டது.

"தாங்குச்சு" என்றது.

மறுநாளும் இதே கதைதான். அதற்கு மறுநாளும். ஊதினால் செடி பிழைக்கும். ஆனால் நாளைக் காலையில் குளிர் தாங்கியதா என்று யார் கேட்பார்கள்? கரடி நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டது.

தை வந்தது. மொட்டுகள் விரியாமலே கருகி உதிர்ந்தன. மானும் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கறுத்த குச்சிகளைப் பார்த்தது. கரடியையும் ஒரு முறை பார்த்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூடக் கரடியின் வாயிலிருந்து வரவில்லை.

மறுநாள் எறும்புகள் பேன்களைக் கவ்விக்கொண்டு செடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"எங்கே போறீங்க?" என்று கரடி பதறியது.

"ஓடைக்கு அந்தப் பக்கம் செம்பருத்தி தளிர் விட்டிருக்கு. இங்கே இனிமே என்ன இருக்கு?" என்றது தலைவி. அண்ணே என்ற சொல்லைக் காணோம்.

"நாளைக்கு வருவீங்களா?"

கரடி தும்மியது. வரிசை நிற்காமல் வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஓர் எறும்புகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரடி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதது. அந்தக் கட்டைக் குரலில் அழுகை கேட்க நன்றாக இருக்காதுதான். கேட்பதற்கும் அங்கே யாரும் இல்லை.

அழுது ஓய்ந்த பிறகு செடியை நிமிர்ந்து பார்த்தது. அடிக்கட்டையில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. கரடி எழுந்தது. கருகிய கிளைகளைக் கடித்து எடுத்து, தூரத்தில் குழி தோண்டிப் புதைத்தது. உதிர்ந்த இலைகளை ஒன்று விடாமல் பொறுக்கியது. ஓடைத் தண்ணீரால் கட்டையைக் கழுவியது. பிறகு பொறிவண்டைத் தேடிக்கொண்டு போனது.

"உன்னை விரட்டினது என் தப்பு. திரும்பி வருவியா?"

"வருவேன். ஆனா எனக்குப் பேச்செல்லாம் வராது. வந்தா தின்னுட்டுப் போயிடுவேன்" என்றது பொறிவண்டு.

"அது போதும்" என்றது கரடி. உண்மையில் போதாது. ஆனாலும் சொன்னது.

அதன் பிறகு பத்து மாதம், ஒரு நாள் தவறாமல், கரடி ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தது. பொறிவண்டு வரும், தின்னும், போகும். மற்ற நேரமெல்லாம் தோட்டத்தில் காற்றுச் சத்தம்தான். கரடி பழையபடி தானே தும்மி, தானே "நூறு" சொல்லிக்கொண்டது.

மறுபடி மார்கழி வந்தது. அடிக்கட்டையிலிருந்து புதிதாகத் தளிர்கள் கிளம்பின. ஒரு காலை கரடி தும்மியது.

"நூறு" என்றது அதே சின்னக் குரல். "என்ன அண்ணே, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? எங்க பசங்க எல்லாம் உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

கரடியின் மனம் உருகிவிட்டது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பத்து மாதத்தில் அது கேட்ட முதல் அன்பான வார்த்தை அது. ஆனால் தலைவிக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தது. ஒவ்வொரு வாயிலும் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது.

கரடி மூச்சை இழுத்தது.

"அண்ணே, ராத்திரி குளிர் தாங்கு..."

கண்ணை மூடிக்கொண்டு கரடி ஊதியது. மண், புழுதி, பேன், எறும்பு எல்லாம் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தன. அதன் பிறகு தோட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. கரடி அங்கேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தது.

தை மாதத்தில் செடி ஒரே ஒரு பூ பூத்தது. மான் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரடிக்கு மூக்கு அரித்தது. தும்மினால் மான் ஓடிவிடும். கரடி இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது. எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் முடியாமல், தோட்டமே அதிரும்படி ஒரு தும்மல் தும்மிவிட்டது.

மான் நாலு எட்டுத் துள்ளி ஓடியது. பிறகு நின்றது. காதுகளை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தது.

"நூறு" என்றது.

மான் ஒவ்வோர் அடியாக வேலிப் பக்கம் திரும்பி வந்தது.

"உங்க பேரு என்ன?" என்று கேட்டது.

அந்தப் பெயரைச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்ததால், கரடி கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"சடையன்" என்றது.

நீதி: பேச்சுத் துணைக்கு ஆசைப்பட்டுத் தீங்கைக் கண்டும் காணாமல் இருந்தால், நாம் காக்க வேண்டியதை இழந்துவிடுவோம்.