வரேன்னு சொல்லிட்டுப் போன மூணு பேர்

ஒரு ஊர்ல ஒரு பையன் இருந்தானாம். பேரு இளம்பரிதி. அவ்வளவு நீளமா கூப்பிட்டா அவங்கம்மாவுக்கு மூச்சு வாங்கும்னு வீட்டுல பரிதி. ம் கொட்டு கண்ணு. நீ கொட்டலைன்னா கதை அங்கயே நின்னுடும்.

“ம்.”

பரிதிக்கு ஒரே ஒரு ஆசை. ஆட்டு டாக்டர் ஆகணும். ஆடு, மாடு, கோழி எல்லாத்துக்கும் ஊசி போடற டாக்டர். அதுக்குக் கால்நடைக் காலேஜ்ல இடம் கிடைக்கணும். இடம் கிடைக்கணும்னா பன்னெண்டாவது பரீட்சையில, அதுவும் உயிரியல்ல, நல்ல மார்க் வாங்கணும். அவன் வீட்டுக் கொல்லையில மொச்சைன்னு ஒரு ஆடு. வெள்ளை உடம்பு, கறுப்புப் புள்ளி. தினம் படிச்சதை அந்த ஆட்டுகிட்டதான் ஒப்பிப்பான். “கேட்டுக்கோ மொச்சை, இதயத்துக்கு நாலு அறை. மேல ரெண்டு, கீழ ரெண்டு.” ஆடு ம்மேங்கும். தப்பா சொன்னா அது ஒண்ணும் சொல்லாது. ஆனா அந்த மூஞ்சியைப் பார்த்ததும் இவனுக்கே வெக்கமாயிடும். உள்ள ஓடிப்போய் புஸ்தகத்தைப் பார்த்துட்டு வந்து மறுபடி சொல்லுவான்.

அந்த வீட்டுல அவங்களோட இன்னும் மூணு பேர் குடியிருந்தாங்க. ஒருத்தி தூக்காயி அத்தை. மெத்து மெத்துன்னு இருப்பா, கக்கத்துல எப்பவும் ஒரு பாய். ராத்திரி சோறு உள்ள போனதும் மெதுவா வந்து பரிதி இமை மேல உட்காருவா. இன்னொருத்தர் பசியப்பன் மாமா. கையில தட்டு. வேளை தவறாம வந்து வயித்துக் கதவை லொட்டு லொட்டுன்னு தட்டுவார். மூணாவது துள்ளி. சின்னப் பொண்ணு, ஒரு இடத்துல நிக்காது. சாயங்காலமானா பரிதி கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி கபடி ஆட விட்டு, முட்டியில சிராய்ப்போட கொண்டாந்து விடும்.

இந்த மூணு பேரும் இருந்த வரைக்கும் பரிதி நல்லாத்தான் படிச்சான். அதுதான் அவங்கப்பாவுக்குப் பொறுக்கலை.

“ஏன்?”

ஏன்னா அவன் சிரிச்சுக்கிட்டே படிச்சான். அப்பா பேரு தனக்கோடி. “அழாம படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா? பக்கத்து வீட்டுப் பையன் கண்ணு எப்படிச் செவந்து கிடக்குது பாரு, அது படிப்பு”ன்னு அம்மா செல்வராணிகிட்ட புலம்புவார். அந்தம்மாவும், “ஆமாங்க, இவன் கண்ணு வெள்ளை வெளேர்னு இருக்கு, வெளிய சொன்னா வெக்கம்”னு சேர்ந்து புலம்பும்.

அப்போ அந்த ஊருக்கு ஒருத்தர் வந்தார். எழுச்சி சார். அவர் பாடம் நடத்தறவர் இல்லை. பாடம் படிக்கிற பிள்ளைங்களுக்கு ஆவேசம் வரவைக்கிறவர். கல்யாண மண்டபத்துல மைக்கைப் பிடிச்சு, “உன்னால முடியும், முடியும், முடியும்”னு கத்துவார். என்ன முடியும்னு மட்டும் சொல்ல மாட்டார். எல்லாரும் கைதட்டுவாங்க. தனக்கோடிக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கையோட அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டார்.

எழுச்சி சார் பரிதியை மேலயும் கீழயும் பார்த்தார். “தம்பி தூங்குவானா?”

“தூங்குவான் சார்.”

“அடடா. ஜெயிச்சவன் எவனும் தூங்கினது இல்லைங்க. முதல்ல அந்தத் தூக்காயியை வெளிய அனுப்புங்க.”

அப்புறம் என்ன, அன்னிக்கே ஆரம்பிச்சுட்டாங்க. ஃபிளாஸ்க் நிறைய டீ. கால் வெக்க ஒரு அன்னக்கூடை தண்ணி. அந்தக் காலத்துல குடுமியை ஆணியில கட்டிட்டுப் படிப்பாங்கன்னு தனக்கோடி ஒரு கயித்தோட வந்தார். பரிதி தலையோ ஒட்ட வெட்டின தலை. கயித்தை வெச்சுக்கிட்டு அவர் ரொம்ப நேரம் சுத்திச் சுத்தி வந்தார்.

தூக்காயி வாசல்ல நின்னா. “நான் என்ன தப்பு பண்ணேன் தம்பி?” பரிதி வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா முறைச்சார். “சரி, நான் போறேன்”னா தூக்காயி.

செல்வராணிக்குப் பகீர்னு ஆயிடுச்சு. “ஏய், பரீட்சை வீட்டுல நின்னுக்கிட்டு போறேன்னு சொல்லலாமா? நல்ல வாய் வெச்சுப் போயிட்டு வரேன்னு சொல்லு.”

நம்ம வழக்கம் தெரியும்ல? கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளினாலும் ‘வரேன்’னு சொல்ல வெச்சுத்தான் தள்ளுவோம்.

“சரிம்மா, போயிட்டு வரேன்.” பாயைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு சர்ரக் சர்ரக்னு போயிட்டா. எப்ப வருவேன்னு செல்வராணி கேக்கலை. கேட்டிருக்கணும். ம் கொட்டு.

“ம்.”

அப்புறம் எழுச்சி சார் மறுபடி வந்தார். செல்வராணி வாழை இலை போட்டு சாம்பார், ரசம், ரெண்டு பொரியல், அப்பளம், பாயசம்னு பரிமாறினா. மனுஷன் மூணாவது தடவை சோறு வாங்கிக்கிட்டே சொன்னார், “தம்பிக்கு அரிசிச் சோறே கூடாதும்மா. மந்தம். ஊற வெச்ச பாதாம், வல்லாரை லேகியம், அவ்வளவுதான். கொஞ்சம் ரசம் ஊத்துங்க.”

அப்போ பசியப்பன் மாமாவும் தட்டைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பினார். “மாப்ளே, லேகியத்தைத் தின்னுட்டு நான் எப்படி இருக்கறது?” பரிதி அம்மா மூஞ்சியைப் பார்த்தான். அம்மா லேகிய டப்பாவைத் திறந்துக்கிட்டே, “வரேன்னு சொல்லிட்டுப் போங்கண்ணா”ன்னுச்சு. “வரேம்மா”ன்னுட்டுப் போயிட்டார்.

எழுச்சி சார் இலையை மூடிட்டு சாய்வு நாற்காலியில சாஞ்சார். அஞ்சு நிமிஷம்தான். கொர்ர்... கொர்ர்... ஜெயிச்சவன் எவனும் தூங்கினது இல்லைன்னு சொன்ன அதே வாய்தான்.

மூணாவது தடவை வந்தப்போ கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பரிதி மொச்சைகிட்ட ஒப்பிச்சுக்கிட்டு இருந்தான். துள்ளி ஆட்டுக் கொம்பைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருந்தா. “என்னங்க இது, ஆட்டுகிட்ட பேசறான்? இந்த விளையாட்டையெல்லாம் உடனே நிறுத்துங்க”ன்னார். ஆட்டைத் தனக்கோடியோட தங்கச்சி ஊருக்கு ஆட்டோவுல ஏத்தினாங்க. ம்மே ம்மேன்னு தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு. துள்ளியும் கிளம்பிட்டா. அவளுக்கு யாரும் சொல்லித் தரவே வேண்டியிருக்கலை. “வரேண்டா, வரேண்டா, வரேண்டா”ன்னு மூணு தடவை சொல்லிட்டு ஒத்தைக் கால்ல நொண்டி அடிச்சுக்கிட்டே போனா.

அப்போ வீட்டுல யார் மிச்சம்? பரிதியும் புஸ்தகமும். டிவிக்கு மேல துணி. மிக்ஸி ஓடக்கூடாது. கடுகு தாளிச்சா சத்தம் வரும்னு செல்வராணி தாளிக்காமலே குழம்பு வெச்சா. சொந்தக்காரங்க ஃபோன் பண்ணா, “உஸ்ஸ்... படிக்கிறான்”னு வெச்சுடுவாங்க. பரிதியும் விடிகாலையில இருந்து உட்கார்ந்துதான் இருந்தான். ‘இதயத்துக்கு நாலு அறை.’ படிப்பான். ஏதோ படிச்சோமேன்னு நினைப்பான். மறுபடி, ‘இதயத்துக்கு நாலு அறை.’ நாலு அறையில எந்த அறைக்குள்ள போனாலும் கதவு சாத்தியே இருந்துச்சு. அன்னிக்குப் பிரிச்ச பக்கம் ஒரு வாரமா அதே பக்கம்.

தனக்கோடி தெருவெல்லாம் சொன்னார், “பையன் அவ்வளவு ஆழமா படிக்கிறான். பக்கத்தை விட்டு நகரவே மாட்டேங்கறான்.” பரிதி கண்ணும் செவந்துடுச்சு. அதைப் பார்த்து அந்தம்மாவுக்குப் பெருமை தாங்கலை. பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு வந்து காட்டினா.

பரிதிக்கு மட்டும்தான் பயம். தலைக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு அவனுக்குத் தெரியும். ஒரு நாள் அம்மாகிட்ட மெதுவா சொன்னான், “அம்மா, எனக்கு ஒண்ணும் ஏறமாட்டேங்குது.” அந்தம்மா அவன் நெத்தியில விபூதி பூசி, வாயில இன்னொரு உருண்டை லேகியத்தை அடைச்சா. வாய் நிறைய லேகியம். மேல என்ன பேசுவான்?

அப்புறம் உயிரியல் பரீட்சை வந்துச்சு. செல்வராணி சகுனத்துக்கு ஒரு ஸ்பூன் தயிர்ல சர்க்கரை போட்டு ஊட்டினா. எழுச்சி சார் ஃபோன்ல “முடியும், முடியும்”னார். டங்... டங்... மணி அடிச்சுது. கேள்வித்தாளைப் பார்த்தான். எல்லாம் தெரிஞ்ச கேள்வி. முதல் பெரிய கேள்வியே இதயம். பேனாவைத் திறந்தான்.

சர்ரக். சர்ரக்.

“யாரு?”

வேற யாரு? கக்கத்துல பாயோட தூக்காயி. “வரேன்னு சொன்னேன்ல தம்பி. வந்துட்டேன்.”

“அத்தை, இப்பவா?”

“தினம் உன் வாசலுக்கு வந்து பார்த்தேன். ஃபிளாஸ்க்கும் தண்ணியும் வெச்சு மறிச்சிருந்தாங்க. இன்னிக்குத்தான் கதவு திறந்துச்சு.”

“இத்தனை நாளா எங்க இருந்த?”

“எழுச்சி சார் வீட்டுலதான். நாங்க மூணு பேரும் அங்கதான். ராஜ உபசாரம். மனுஷன் நல்லாத் தூங்கறார், நல்லாச் சாப்பிடறார், சாயங்காலம் கேரம் ஆடறார். சரி, நகரு.” சொல்லிட்டு மெத்துன்னு இமை மேல உட்கார்ந்துட்டா. என்ன கனம்! பரிதி ஒரு விரலால ஒரு இமையைத் தூக்கினான். அந்தப் பக்க இமை விழுந்துச்சு. கடைசியில தலை டப்புன்னு மேசை மேல.

கால்நடைக் காலேஜ் போச்சு. அப்படித்தானே நினைக்கிற?

“ம்...”

ஒரு மணி நேரம் போச்சு. மேற்பார்வைக்கு வந்த டீச்சர் தோளைத் தட்டினாங்க. “தம்பி, விடைத்தாள்ல எச்சில் ஒழுகுது. துடைச்சுட்டு எழுது.” பரிதி திடுக்குன்னு எழுந்தான். எழுந்தா, மழை பெஞ்ச மறுநாள் மாதிரி தலை தெளிவா இருக்கு. இதயத்தை நினைச்சான். மேல ரெண்டு, கீழ ரெண்டு, படார் படார்னு நாலு கதவும் திறந்துச்சு. ஒவ்வொரு அறையிலயும் மொச்சை நின்னு ம்மேங்குது. ஆட்டுகிட்ட ஒப்பிச்சது ஒண்ணு விடாம வந்துச்சு. தண்ணியில கால் வெச்சு, லேகியம் தின்னு படிச்சது? அதுல ஒரு வரி கூட வரலை.

பாதி எழுதினப்போ லொட்டு லொட்டுன்னு வயித்துல பசியப்பன். கட கடா, குடு குடு. ஹாலே திரும்பிப் பார்த்துச்சு. “மாமா, இப்போதைக்குத் தண்ணி. மத்தியானம் சோறு, சத்தியமா”ன்னான் பரிதி. “குழம்பு?” “தாளிச்ச குழம்பு.” “அப்ப சரி.” அதுக்குள்ள துள்ளியும் வந்து ரெண்டு முழங்காலையும் பிடிச்சுக்கிட்டா. தட தட தடன்னு கால் ஆடுது. நிறுத்தினா கை நின்னுடும் போல இருந்துச்சு. ஆடிக்கோன்னு விட்டுட்டான். கால் கீழ ஆட, கை மேல ஓடுச்சு. கடைசி மணி அடிச்சப்போ ரெண்டு கேள்வி பாக்கி.

வாசல்லயே தனக்கோடி மடக்கினார். “எப்படிடா எழுதின?”

“தூங்கி எழுந்து எழுதினேன்ப்பா.”

வீட்டுக்கு வந்தான். லேகிய டப்பாவை எடுத்துப் பரண் மேல வெச்சான். “அம்மா, கடுகு தாளி. மாமா வந்திருக்கார்.” தனக்கோடி என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். அதுக்குள்ள சட்டியில கடுகு படபடபடன்னு வெடிச்சுது. அவர் சொன்னது யாருக்கும் கேக்கலை. பரிதி சாப்பிட்டான், தூங்கினான், சாயங்காலம் அப்பாவோட தங்கச்சி ஊருக்குப் போய் ஆட்டைக் கூட்டிட்டு வந்தான். மிச்சப் பரீட்சை எல்லாத்தையும் அது மூஞ்சியைப் பார்த்தே படிச்சான்.

முடிவு வந்துச்சு. முதல் மார்க் இல்லை. கூட்டமான பஸ்ல கம்பியைப் பிடிச்சு ஒரு கால் வெக்க இடம் கிடைக்கும் பாரு, அப்படி, கால்நடைக் காலேஜ்ல கடைசியா ஒரு இடம் கிடைச்சுது.

மறுநாள் காலையில தெரு முனையில பெரிய பேனர். நடுவுல ஆளுயரத்துக்கு எழுச்சி சார். பக்கத்துல தனக்கோடி. கீழ ஓரமா, தபால்தலை அளவு பரிதி. ‘மூன்று மாதம் தூங்காமல் படித்த மாணவன்’னு எழுத்து. மொச்சை படமே இல்லை.

அதைப் பார்த்த ஊரு சும்மா இருக்குமா? எல்லா வீட்டுலயும் ஃபிளாஸ்க். எல்லா வீட்டுலயும் அன்னக்கூடை. மூணு பேரையும் வீடு வீடா துரத்தினாங்க. அவசரத்துல ஒரு வீட்டுலயும் வரேன்னு சொல்லக்கூட விடலை.

பரிதி காலேஜுக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா, மூணு பேரும் அங்க பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. “மாமா, வாங்க. துள்ளி, ஏறு.” பசியப்பன் புளிசாதப் பையை மோந்து பார்த்துட்டு ஏறிட்டார். துள்ளி கடைசி சீட்டுல குதிச்சா. “அத்தை, நீயும் வா.”

“நீ போ தம்பி. ராத்திரிக்கு ஹாஸ்டலுக்கு நானே வந்துடறேன். அதுக்குள்ள யாராவது ஒரு பிள்ளையாவது கதவைத் திறக்குதான்னு பார்க்கறேன்.”

பஸ் போயிடுச்சு. தூக்காயி ஒவ்வொரு வாசலா நின்னா. “பரீட்சை முடியட்டும்”னாங்க. அடுத்த வாசல். “முடியட்டும் முடியட்டும்.” அந்த ஊர்ல அவ கேக்காத வீடு இல்லை. ம் கொட்டு.

கண்ணு?

சரி, கொட்ட வேணாம். அப்புறம் அவ பாயைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, சர்ரக்... சர்ரக்... சர்ரக்னு ஊரைத் தாண்டி, இந்தப் பக்கமா நடந்து போனா.

கதை படுத்துடுச்சு. நீயும் படு.