கூரை மேல எறிஞ்ச பல்லு

ஒரு ஊர்ல ஒரு வாயாடிப் பொண்ணு இருந்தாளாம். பேரு நாச்சி. மூணாங்கிளாஸ் படிச்சா. முன்னாடி பால்பல்லு ரெண்டும் விழுந்து, புதுப்பல்லு ரெண்டு மண்வெட்டியாட்டம் அகலமா முளைச்சிருந்துச்சாம். ம் சொல்லு சாமி, நான் என்ன செவுத்துக்கா கதை சொல்றேன்?

"ம்."

அப்புறம் ஒருநாள், தெருமுனை அடிபம்புல அவ தங்கச்சி தண்ணி அடிக்கிறா. இவ கீழ விழுந்த வளையலை எடுக்கறேன்னு கைப்பிடிகிட்டப் போய்க் குனிஞ்சிருக்கா. கைப்பிடி மேல வந்துச்சு பாரு, டொங்! புதுப்பல்லு ஒண்ணு பாதியா ஒடிஞ்சு கையோட வந்துருச்சு.

அழுதுகிட்டே வீட்டுக்கு ஓடியாந்தா. வீட்ல அவ அத்தை செல்லாத்தா இருந்தா. நல்லவதான், ஆனா சரியான முந்திரிக்கொட்டை. "அட, பால்பல்லுக்குப் போயி இப்படி அழுவாங்களா!"ன்னு சொல்லி, அந்தத் துண்டைச் சாணியில உருட்டிக் கூரை மேல எறிஞ்சுட்டா. சர்ர்ர்... டக்! "இன்னும் கொஞ்ச நாள்ல முளைச்சிரும் போ."

எங்கிருந்து முளைக்கும்? பால்பல்லு விழுந்தா முளைக்கும். முளைச்ச பல்லு ஒடிஞ்சா முளைக்குமா? இதுகூடவா தெரியாது ஒரு பொம்பளைக்கு? எனக்கு இப்ப நெனைச்சாலும் கோவமா வருது.

"ம்."

அப்போ வீட்ல எல்லாரும் முளைக்கும் முளைக்கும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. காலையில எந்திரிச்சா அவங்கம்மா வாயைத் தொறந்து பாப்பா. பல்லு வளரலை. ஒடிஞ்ச இடத்துல கடுகாட்டம் ஒரு செகப்புப் புள்ளிதான் இருக்கு. காத்துப் பட்டாலே நாச்சி "ஸ்ஸ்... ஆ!"ங்கறா. சோறு எறங்கலை. அந்த வாயாடி வாயையே தொறக்கறதில்லை.

ஊரு சும்மா இருக்குமா? ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிச்சு. பக்கத்து வீட்டுக்காரி, "கிராம்பை நசுக்கி வை"ன்னா. வச்சாங்க. புள்ள எம்பிக் குதிச்சா! அப்புறம் டீக்கடைக்காரரு, "புடுங்கி எறிங்க, சனியன் விட்டுது"ன்னாரு. அம்மாவும் சரின்னுட்டா. அப்போ செல்லாத்தா குறுக்க விழுந்து, "மேப்பல்லைப் புடுங்குனா கண்ணு போயிரும்!"னு ஒரே கூப்பாடு. அது சுத்தப் பொய்யி சாமி, பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனா அந்தப் பொய்யால பல்லு தப்பிச்சுது. மூணாவதா பால்வாடி டீச்சர்தான், "டவுன்ல பல்லு டாக்டர்கிட்டக் காட்டுங்க"ன்னு சொன்னா.

டாக்டர் பேரு மரகதம். வாயைப் பாத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. "இந்தப் பல்லுக்கு வேர் இன்னும் வளந்து முடியலைம்மா. உள்ள சதை இருக்கு, ரத்தம் ஓடுது. அது உசுரோட இருந்தாத்தான் வேர் வளரும். செத்துட்டா வேர் அரைகுறையா நின்னுடும், பல்லு நிலைக்காது."

"உசுரு இருக்குதுங்களா, டாக்டரம்மா?"

"தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

மரத்துப்போக ஊசி போட்டாங்க. அப்புறம் புர்ர்ர்... கெட்டுப்போன மேல் சதையை மட்டும் துளியூண்டு எடுத்தாங்க. ரத்தம் வந்துச்சு. "இந்த ரத்தம் நின்னுட்டா மிச்சம் நல்லாருக்குன்னு அர்த்தம். நிக்கலைன்னா உள்ளயும் கெட்டிருச்சு"ன்னாங்க. செல்லாத்தாவும் கூட வந்திருந்தா. "என்னாலதானே இத்தனை நாள் போச்சு, என் கையிலதான் கொள்ளி வைக்கணும்"னு மூக்கை உறிஞ்சறா.

ஈரப்பஞ்சு வச்சு அழுத்துனாங்க. எடுத்துப் பாத்தா செகப்பு. அப்புறம் ரெண்டாவது பஞ்சு. எடுத்துப் பாத்தா ரோஸு. அப்புறம் மூணாவது பஞ்சை வச்சாங்க... ஏண்டா, தூங்குவேன்னு பாத்தா கண்ணை முழிச்சுப் பாக்கற?

"நின்னுச்சா?"

எடுத்துப் பாத்தா வெள்ளை! அவங்கம்மா அப்படியே தரையில உக்காந்துட்டா. போன உசுரு திரும்பி வந்துச்சு. டாக்டரம்மா சுண்ணாம்பாட்டம் ஒரு மருந்தை வச்சு மூடி, மேல பல்லு நெறத்துலயே பூசி, முழுப்பல்லா ஆக்கிட்டாங்க. நாச்சி அன்னிக்கே பேச ஆரம்பிச்சவதான், பஸ்ஸுல வீடு வர்ற வரைக்கும் நிறுத்தலை.

"ம்..."

அப்புறம் அடுத்த வருஷம் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தாங்க. வேர் வளந்து, நுனி மூடியிருந்துச்சு. டாக்டரம்மா சில்லுனு ஒரு பஞ்சை அந்தப் பல்லு மேல வச்சு, "ஏதாச்சும் தெரியுதா கண்ணு?"ன்னு கேட்டாங்க.

"அய்யோ! கூசுது! எடுங்க!"ன்னு நாச்சி கத்துனா.

"அய்யய்யோ, புள்ளைக்கு என்னமோ ஆச்சு!"ன்னு செல்லாத்தா எந்திரிச்சா.

"ஒண்ணும் ஆகலைம்மா. கூசுதுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்"னு டாக்டரம்மா சிரிச்சாங்க.

அவங்கம்மாவுக்குக் கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. புள்ள மோவாயைப் புடிச்சுகிட்டுச் சொல்றா, "இன்னொருக்காக் கத்து சாமி."

பல்லும் பொழைச்சுது, கதையும் படுத்துருச்சு. நீயும் வாயை மூடிட்டுத் தூங்கு.