ஆள்காட்டிக் குருவிக்கு இரண்டு வரி

ஆற்றின் தென்கரைப் பாறையில் செவ்வாயி என்ற ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தாள். இருப்பது தென்கரை, வேலையோ வடகரைக்கு! வேடர்கள் வடகாட்டுக்குள் நுழைகிற பாதை அந்தப் பாறையிலிருந்துதான் நன்றாகத் தெரியும். வேடன் தலை தெரிந்ததோ இல்லையோ, ஊரையே கூட்டுகிற மாதிரி கத்துவாள். அக்கரை மான்களெல்லாம் எடுக்கும் ஓட்டம்!

இதற்கு வடகாட்டுப் புலிராஜா பேசிய கூலி, நாளுக்கு ஒன்பது புழு. ஆமை முதுகில் வைத்து நீந்திக் கொண்டுவந்து கொடுக்கும். ஒருநாள் ஆறு புழுதான் வந்தது.

"மீதி மூன்று எங்கே?"

"கணக்குப்பிள்ளை நரி வரியாகப் பிடித்துக்கொண்டார், தாயே!" என்றது ஆமை. "உன் சத்தம் வடகாட்டில்தான் கேட்கிறதாம். அதனால் வேலையும் அங்கேதான் நடக்கிறதாம்!"

அந்தப் பேச்சு முடிவதற்குள் தென்காட்டுக் கரடிராஜாவின் ஆள், கீரி, வந்து நின்றது. "எங்கள் மண்ணில் உட்கார்ந்து ஒன்பது புழு சம்பாதிக்கிறாய். எடு மூன்றை!"

"அங்கேயே பிடித்துவிட்டார்களே, ஐயா!"

"அதை அங்கே போய்க் கேள்!"

அன்றுமுதல் தினமும் மிஞ்சியது மூன்றே புழு. அது எந்த மூலைக்கு? பத்தே நாளில் செவ்வாயிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இரை தேடப் போனால் முட்டைகளைக் காக்கை கொத்திவிடும். போகாவிட்டால் பட்டினியில் அவளே சாய்ந்துவிடுவாள். வயிற்றெரிச்சல் தாங்கவில்லை அவளுக்கு. 'மண் இங்கே, வேலை இங்கே. கரடிராஜாவுக்குக் கொடுப்பது நியாயம். இந்த நரிக்கு எதற்கு?'

மாலையில் புலிராஜா தண்ணீர் குடிக்க அக்கரைக்கு வந்தார். பின்னாலேயே நரியும் வந்தது. முட்டையை விட்டு எழ முடியாவிட்டால் என்ன, தொண்டை இருக்கிறதே!

"ராஜா! கணக்குப்பிள்ளை சொன்னது சரிதான்!" என்று கத்தினாள் செவ்வாயி. "நான் வடகாட்டில்தான் வேலை செய்கிறேன்! வரியும் கொடுத்துவிட்டேன்!"

நரிக்கு வாயெல்லாம் பல். "கேட்டீர்களா ராஜா? அவளே ஒத்துக்கொண்டாள்!"

"வரி கொடுத்தவருக்குக் காவல் உண்டு என்பது உங்கள் சட்டம்தானே, ராஜா?"

"ஆமாம். அதில் என்ன சந்தேகம்?" என்றார் புலிராஜா.

"அப்படியானால் ஒரு செந்நாயைக் காவலுக்கு அனுப்புங்கள்! இரண்டு நாளாக ஓர் உடும்பு என் முட்டைகளைச் சுற்றிச் சுற்றி வருகிறது!"

நரி பதறிப்போயிற்று. "அடிப்பாவி! அது எப்படி முடியும்? நம் செந்நாய் அங்கே கால் வைத்தால் கரடிராஜா சும்மா விடுவாரா? நீ இருப்பது அவர் மண்! அங்கே நடப்பதற்கு அவர்தான் பொறுப்பு!"

சொல்லி முடித்த பிறகுதான் நரிக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டது.

"பொறுப்பு அவருக்கென்றால் வரியும் அவருக்குத்தானே, அண்ணாச்சி!" என்றாள் செவ்வாயி.

புலிராஜா சிரித்த சிரிப்பில் கரை நாணலெல்லாம் ஆடியது. "நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நரி கெட்டதை இன்றுதான் பார்க்கிறேன்! அடேய், பத்து நாளாகப் பிடித்த முப்பது புழுவையும் இப்போதே திருப்பிக் கொடு! இனி கரடிராஜாவுக்குச் சேரவேண்டிய மூன்றை மட்டும் பிடி. அதையும் நீயே தினம் நீந்திப் போய் அவரிடம் கட்டிவிட்டு வா!"

அன்று செவ்வாயி வயிறு முட்டச் சாப்பிட்டாள். தெம்பு வந்த வேகத்தில் உடும்பை அவளே கொத்தி விரட்டினாள். கீரியும் ஓடிவந்து, "எங்களுக்கு வரி கட்டுகிறவள் மேலா கை வைக்கிறாய்?" என்று அதை ஆற்றங்கரைவரை துரத்தியது. நான்காம் நாள் நான்கு முட்டையும் பொரிந்தன!

காவலுக்கு வராதவனுக்கு வரி கேட்க உரிமை இல்லை.