கழன்று விழுந்த தே

ஒரு நூலகத்தில் பிளாரன்ஸ் என்றொரு நூலகர் இருந்தார். ‘சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க’ என்று கத்திக் கத்தியே அவருடைய தொண்டை கட்டிப்போயிருந்தது. அமைதிக்காக அந்த நூலகத்தில் அதிகம் சத்தம் போட்டவர் அவர்தான்.

ஒருநாள் அவர் செண்பகவல்லியிடம் போனார். செண்பகவல்லி செம்புத் தகட்டில் எழுத்துகளை அறுத்து, வளையம் கோத்து, கழுத்துக்கு மாலையாகச் செய்து தருபவள்.

“‘சத்தம் போடாதீர்கள்’னு ஒண்ணு வேணும். இனி வாயைத் திறக்க மாட்டேன். தொட்டுக் காட்டுவேன், அவ்வளவுதான்.”

செண்பகவல்லி அவர் கழுத்தை அளந்து பார்த்தாள். “அக்கா, ‘தீர்கள்’ உங்க பிடரிக்குப் போயிடும். முன்பக்கம் ‘போடாதே’ வரைக்கும்தான் இடம் இருக்கு.”

“சரி, போடாதே.”

இப்படியாக மரியாதை இடப்பற்றாக்குறையால் வெட்டுப்பட்டு, ச, த், த, ம், போ, டா, தே என்று ஏழு எழுத்துகளும் பிளாரன்ஸின் கழுத்தில் ஏறின.

மாலை நன்றாகவே வேலை செய்தது. யாராவது வாயைத் திறந்தால் பிளாரன்ஸ் விரலால் அதைத் தட்டுவார். ஆள் அடங்கிவிடுவார். ஆனால் அடங்குவதற்கு முன்பு ஒரு முறை முறைப்பார். அந்த முறைப்பு நேராகத் தே மேல்தான் விழும்.

அதிகம் முறைத்தவர் சேனாபதி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். செய்தித்தாளை உரக்கப் படிக்காவிட்டால் அவருக்குச் செய்தி உள்ளே இறங்காது.

“போடா‘தே’யாம்! இந்த வயசுல எனக்கு ஒருமை!” என்று அவர் தினமும் முணுமுணுப்பார்.

தேவுக்கு அழுகையாக வந்தது. “நாம ஏழு பேர். கெட்ட பேர் மட்டும் எனக்கா?”

“நீதானே வேண்டாங்கிற ஆளு,” என்றது ச. “நாங்க நாலு பேரும் வெறும் சத்தம். எங்க மேல யாருக்கு என்ன கோபம்?”

“நீ இல்லேன்னா நாங்க ஜாலியா இருப்போம்,” என்றது டா. கடைசி இடத்தின் மேல் அதற்கு வெகுநாளாகவே ஒரு கண்.

தேவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலை தன் வளையத்தை நெளித்து நெளித்து இடைவெளி உண்டாக்கி, மேசைக்கு அடியில் குதித்துவிட்டது. பிளாரன்ஸ் கவனிக்கவில்லை.

சேனாபதி வந்தார். செய்தித்தாளை விரித்தார். “வெங்காய விலை...” என்று தொடங்கினார். பிளாரன்ஸ் வழக்கம்போல் மாலையைத் தட்டிக் காட்டினார்.

சேனாபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “சத்தம் போடா... போடாவா? என்னைப் பார்த்தா?”

பிளாரன்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் இன்னும் அழுத்தமாகத் தட்டினார்.

“மறுபடியும் போடாங்குறாங்க!”

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்தாள். “சார், அது திட்டு இல்ல. ‘சத்தம் போடுடா’ன்னு மேடமே அனுமதி குடுக்குறாங்க!”

“அப்போ எனக்கும் சேர்த்தா?” என்றார் நாவல் படித்துக்கொண்டிருந்தவர். உடனே ஒரு பாட்டை எடுத்துவிட்டார். அது திட்டா, அனுமதியா என்று நூலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி மேசையைத் தட்டியது. மறு கட்சி அகராதியைத் தூக்கியது. பிளாரன்ஸ் அலமாரி அலமாரியாக ஓடி, ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் மாலையைத் தூக்கிக் காட்டினார். காட்டிய இடமெல்லாம் தீ பற்றியது.

“ஐயோ, என்னைப் பார்த்து எல்லாரும் சண்டைக்கு வர்றாங்களே!” என்று கடைசியில் நின்ற டா அலறியது. “தே! எங்கடி இருக்கே? வந்து தொலை!”

மேசைக்கு அடியில் தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் அதற்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஒற்றை ஆளாய் ஓடும் பிளாரன்ஸின் கால்கள் தெரிந்தன. அவர் சேலைக் கொசுவத்தை மிதித்துத் தடுமாறினார். தேவுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

கத்திக் கூப்பிட்டாலும் அந்தக் களேபரத்தில் யார் காதில் விழும்? சேனாபதி வெறுங்காலால் தரையை உதைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. தே புரண்டு படுத்துத் தன் கொம்பை மேலே நிமிர்த்திக்கொண்டது.

“ஆ!”

சேனாபதி காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் குத்தியதைப் பிடுங்கினார். அதைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். டாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, எழுத்துக் கூட்டி, நூலகம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்:

“சத்தம்... போடா... தே.”

எல்லோரும் வாயை மூடினார்கள். அகராதி கீழே இறங்கியது. பிளாரன்ஸ் வளையத்தைப் பல்லால் கடித்து இறுக்கினார். டா அவசர அவசரமாக ஒதுங்கித் தேவுக்கு இடம் விட்டது.

அந்த நிசப்தத்தில் சேனாபதிக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பொத்தினார். கண்ணை இறுக்கினார். முடியவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஒன்று போட்டார்.

பிறகு மெதுவாகத் தேவின் பக்கம் குனிந்து சொன்னார்:

“மன்னிச்சுக்குங்க.”