குளவி குடியேறிய ஆயுதக் கிட்டங்கி

அந்தக் காலத்தில் குளவிக்கும் பேச்சு வரும். நின்று கேட்கத்தான் ஆளில்லை. அது எந்தச் சுவரில் மண் வைத்தாலும் வீட்டுக்காரர்கள் குச்சியால் குடைந்து எறிந்துவிடுவார்கள்.

அப்போது கீழக்கோட்டை என்ற சிற்றூரில் ஓர் ஆயுதக் கிட்டங்கி இருந்தது. ஊரைவிடக் கிட்டங்கி பெரிது என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து இரண்டு முழக் கனத்தில் சுவர். கவிழ்த்த சட்டி மாதிரிக் கூரை. ஜன்னலே கிடையாது. காற்றுக்கு மட்டும் சுவருக்குள் முழங்கை போல மடங்கிப் போகும் துளைகள். தீப்பொறி பறந்துபோய் வெடிமருந்தைத் தொட்டால் ஊரே இருக்காது அல்லவா? அதனால் கதவில்கூட இரும்பாணி இல்லை, செம்பாணிதான். உள்ளே விளக்குக் கொண்டுபோனால் கசையடி. நாற்பது துப்பாக்கிகளையும் காவலர் வெள்ளைக்கண்ணு இருட்டில் தடவித் தடவியே எடுத்துக் கொடுப்பார்.

பக்கத்து ஊரான மேலக்கோட்டையும் அதே கொத்தனாரைக் கூட்டிப்போய் அச்சு அசலாக இன்னொன்று கட்டிக்கொண்டது. கீழக்கோட்டைக்கு அதில் ஏக வயிற்றெரிச்சல்.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் ஏரி. மடையை யார் திறப்பது என்று ஆரம்பித்த வாய்ச்சண்டை முற்றி, அடுத்த அமாவாசை கழிந்ததும் போர் என்று முடிவாயிற்று. வெள்ளைக்கண்ணுவின் மனைவி காத்தாயிக்கு அதுதான் பேறுகால மாதம். பிள்ளை முகம் பார்க்க மனிதர் உயிரோடு திரும்ப வேண்டுமே என்ற பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படியிருக்கையில் ஒருநாள் அடுப்படிச் சுவரில் குளவிக்கூடு ஒன்றைக் கண்டு குச்சியை எடுத்தாள்.

"குடையாதீங்க தாயி, உள்ள என் பிள்ளை இருக்கு," என்றது குளவி. "இது ஏழாவது கூடு. ஆறையும் கலைச்சிட்டாங்க."

காத்தாயிக்கு அழுகை வந்துவிட்டது. குச்சியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"இதைத் தொட மாட்டேன். ஆனா குச்சியே வராத இடம் ஒண்ணு சொல்றேன், கேளு. கிட்டங்கிக் காத்துத் துளை வழியாப் போ. தீப்பொறிதான் அதுல மடங்கிப் போகாது, நீ போயிருவே. உள்ள நாப்பது துப்பாக்கி இருக்கு. மேலக்கோட்டையிலயும் அப்படித்தான். உன் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கோ."

"அவ்வளவு பெரிய வீடா எங்களுக்கு?"

"ஒரு துப்பாக்கிக் குழல்கூடப் பாக்கி வைக்காதே. எனக்கு அது போதும்."

படை ரகசியத்தைக் குளவியிடம் சொன்ன காவலர் மனைவி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

போர் நாள் காலையில் வெள்ளைக்கண்ணு வழக்கம்போல இருட்டில் தடவித் துப்பாக்கிகளைக் கொடுத்தார். எல்லாரும் ஏரிக்கரைக்கு ஓடினார்கள். மருந்தைக் கொட்டினால் இறங்கவில்லை. கவிழ்த்தால் அப்படியே திரும்பி வந்தது. ஒருவர் குழலுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே மண்ணைத் துளைத்துக்கொண்டு வந்த குட்டிக் குளவி அவர் மூக்கின் மேல் உட்கார்ந்தது. அக்கரைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு தங்கள் குழலைப் பார்த்தார்கள். அடுத்துச் சிரித்தது இக்கரை.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து ஓர் ஆள் ஓடிவந்து, "வெள்ளைக்கண்ணு அண்ணே, பொம்பளைப் பிள்ளை!" என்று கத்தினான். வெள்ளைக்கண்ணு துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட்டம் பிடித்தார்.

மேலக்கோட்டைத் தலைவர் மீசையைத் தடவியபடி, "பிள்ளை பிறந்த நேரத்துல வெறும் வாயோட போறது முறையில்ல. கருப்பட்டி இருக்கா?" என்று கேட்டார்.

கீழக்கோட்டையார் தங்கள் நாற்பது பேருக்கு எடுத்துவந்த கருப்பட்டியை எண்பது பேர் தின்றார்கள். தின்று முடிப்பதற்குள், மடையை ஆளுக்கு ஒருநாள் திறப்பது என்று பேசி முடித்துவிட்டார்கள். துப்பாக்கிகள் குழலில் அடைத்த மண்ணோடேயே கிட்டங்கிக்குத் திரும்பின. உள்ளே இன்னும் பொரிக்காத பிள்ளைகள் இருந்தன. கம்பி விட்டுக் குத்த யாருக்கும் மனம் வரவில்லை. காத்தாயி செய்த காரியம் பின்னால் தெரிந்தபோதுகூட யாரும் கசையைத் தேடவில்லை.

அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான் இது: வீட்டில் குளவி கூடு கட்டினால் நாம் அதைக் கலைப்பதில்லை; இந்த வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கப்போகிறது என்று சந்தோஷப்படுகிறோம்.